‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது, இணையம் மட்டும் வரவில்லை

ஓடைக்கரை வீடு
நவம்பர் 6, இரவு 9.52

மணப்பாறைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் சிறிய இ-சேவை மையம் நடத்துகிறேன். எங்கள் ஊருக்கு இன்னும் கண்ணாடியிழை இணைப்பு வரவில்லை. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் கணினி ஓடுகிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்று எல்லாமே அந்த ஒரு சிம் கார்டில்தான்.

மூன்று மாதமாக மாலை ஆறு மணிக்கு மேல் இணையம் நகர்வதில்லை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாழ்நாள் சான்றுக்கு வந்தார். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம் இது கட்டாய வேலை. தண்டவாளத்தில் உழைத்துத் தேய்ந்த விரல்கள். ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, மறுபடி துடைத்து வைத்ததும் கருவி ரேகையை ஏற்றுக்கொண்டது. பச்சை விளக்கும் எரிந்தது. அதன் பிறகு திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, ‘நேரம் முடிந்தது’ என்று வந்தது. நான்கு முறை முயன்றோம், நான்கு முறையும் அதேதான். “என் விரலில்தான் கோளாறா தம்பி?” என்று அவர் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு இதுவரை பதினொரு முறை பேசியிருக்கிறேன். ஃபோனை அணைத்துப் போடச் சொல்கிறார்கள், சிம்மைக் கழற்றி மாட்டச் சொல்கிறார்கள், கைப்பேசியை இணையத்தோடு இணைக்கும் ஏபிஎன் அமைப்பை மாற்றச் சொல்கிறார்கள். எல்லாம் செய்தாயிற்று. மறுநாள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று தெரியவில்லை. இந்தச் சுவரில் முட்டி வழி கண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மலைச்சாரல்
நவம்பர் 6, இரவு 10.15

வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுங்கள். எண் மாறாது. ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று தட்டச்சு செய்து, இடம் விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுத்தால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். இத்தனை முறை பேசி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

ஓடைக்கரை வீடு
நவம்பர் 6, இரவு 10.31

நன்றி. அதையும் யோசித்தேன். எங்கள் ஊரில் எட்டும் கோபுரம் ஒன்றே ஒன்று, அது இவர்களுடையது. மற்ற நிறுவனத்தின் சிம்மை நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கடைக்குள் சிக்னலே இல்லை, மொட்டை மாடிக்குப் போனால் ஒரு கோடு. எனக்கு மாறுவதற்கு இடமில்லை.

---

நெட்டைப்பனை
நவம்பர் 7, காலை 6.20

கைப்பேசிக் கோபுரங்களில் பல ஆண்டுகள் களப்பணி செய்தவன். சில வருடங்களுக்கு முன் விலகிவிட்டேன். உங்கள் பதிவில் ‘மாலை ஆறு மணிக்கு மேல்’ என்ற ஒரு சொல்லே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. மீதிப் பாதியை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கைப்பேசியில் தெரியும் கோடுகளைப் பார்க்காதீர்கள். அமைப்புகளில் ‘ஃபோன் பற்றி’ என்ற பகுதிக்குள் ‘சிம் நிலை’ இருக்கும். அங்கே சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அளவில் கழித்தல் குறியோடு இருக்கும். 4ஜி-யில் -85 பக்கம் இருந்தால் நல்ல சிக்னல், -115 பக்கம் போனால் மோசம். காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்து இந்த எண்ணையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேளையும் சிக்னல் எண் மோசமாக இருந்தால், கோபுரம் உங்களுக்குச் சரியாக எட்டவில்லை. சிக்னல் அப்படியே இருந்து வேகம் மட்டும் மாலையில் விழுந்தால், எட்டுகிற கோபுரத்தில் இடமில்லை. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு. சேவை மையத்தில் இரண்டுக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு கோபுரத்தில் வழக்கமாக மூன்று திசைக்கு மூன்று செக்டர் இருக்கும். 4ஜி-யில் 5 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை மட்டும் ஒரு செக்டருக்குக் கொடுத்திருந்தால், ஏட்டளவில் அதன் உச்ச வேகமே நொடிக்குச் சுமார் 37 மெகாபிட்தான். 20 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் 150 வரை போகும். இது ஒரு ஆளுக்குக் கிடைக்கும் வேகம் அல்ல, அந்தத் திசையில் இருக்கும் அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்வது. தேர் ஓடும் வீதி வருடம் முழுக்க ஒரே அகலம்தான், தேரன்று மட்டும் நடக்க முடியாது. உங்கள் ஊரில் தினமும் மாலை தேரோட்டம்.

கோபுரத்துக்கு வந்து சேரும் இணைப்பிலும் நெருக்கடி இருக்கலாம். கோபுரத்தின் மேல் முரசு போல ஒரு வட்டத் தட்டு இருந்தால் அது மைக்ரோவேவ். அடுத்த கோபுரத்திலிருந்து காற்று வழியாகத் தரவை வாங்கித்தான் உங்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று பொருள். கண்ணாடியிழை வந்த கோபுரத்தோடு ஒப்பிட்டால் அதன் கொள்ளளவு குறைவு.

அளவெடுக்கும்போது வைஃபையையும் விபிஎன்-ஐயும் அணைத்துவிடுங்கள். அன்றைய தரவு ஒதுக்கீடு தீர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல திட்டங்களில் ஒதுக்கீடு முடிந்ததும் வேகத்தை 64 கிலோபிட்டுக்கு இறக்கிவிடுவார்கள். அந்த நிலையில் அளந்தால் உங்கள் வாதமே கெட்டுவிடும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் ‘மைஸ்பீட்’ செயலியைப் பயன்படுத்துவது நல்லது. முடிவும் இடமும் அவர்களுக்கும் போய்ச் சேரும்.

---

கடை எண் 14
நவம்பர் 7, காலை 8.05

ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். எங்கள் விற்பனைக் கருவியிலும் சிம்தான் இருக்கிறது. ரேகை வைத்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கருவியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போவேன். வரிசையும் என் பின்னாலேயே வரும். சர்க்கரையைக் கடையில் எடை போட்டு வைத்துவிட்டு ரசீதை மரத்தடியில் எடுக்கிறோம். மக்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள். சிக்னலும் வேகமும் வேறு வேறு என்பது இன்றுதான் புரிந்தது, ஐயா. நானும் அளந்து பார்க்கிறேன்.

---

முன்னாள் குரல்
நவம்பர் 7, பிற்பகல் 1.40

வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் இரண்டரை ஆண்டுகள் அழைப்பு எடுத்திருக்கிறேன். எந்த நிறுவனத்துக்காக என்று சொல்ல விரும்பவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் நிலையையும் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் திரையில் உங்கள் எண், திட்டம், பழைய புகார்கள் தெரியும். கோபுரத்தில் எத்தனை பேர் நெரிகிறார்கள் என்பது தெரியாது. புகாரைப் பதிய ஒரு பட்டியலிலிருந்து வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் நீங்கள் சொன்னால், கைப்பேசி அமைப்பு தொடர்பான வகையில்தான் அது போய் விழும். அதற்கு உரிய விடை, அமைப்பை மீட்டமைக்கும் குறுஞ்செய்தி. அதை அனுப்பியதும் புகார் மூடப்படும். வேண்டுமென்றே யாரும் ஏமாற்றுவதில்லை. நான் வேலை செய்த இடத்தில் ஓர் அழைப்பை இத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கணக்கு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது.

அதனால் பேசும் முறையை மாற்றுங்கள். “இந்த ஊரில், இந்தத் தெருவில், மாலை 6 முதல் 11 வரை, என்னைப் போல் இத்தனை எண்களுக்கும் இதே பிரச்சினை. மூன்று வேறு கைப்பேசிகளில் பார்த்தாயிற்று. சிக்னல் வலிமை இவ்வளவு, வேகம் இவ்வளவு” என்று சொல்லுங்கள். மூன்று கைப்பேசி என்று கேட்டதும் சிம்மைக் கழற்றி மாட்டச் சொல்ல வழியில்லாமல் போகும். கோபுரத்தைப் பார்க்கும் வட்டாரப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். குறிப்புப் பகுதியில் நீங்கள் சொன்னதை எழுதச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். படித்துக் காட்டுவார்கள். நான் காட்டியிருக்கிறேன்.

பொதுத் தகவல் எண்ணில் பேசாமல் 198-இல் பேசுங்கள். அது புகாருக்கென்றே உள்ள கட்டணமில்லாத எண். புகார் எண் குறுஞ்செய்தியாக வந்து சேரும்வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.

---

ஓடைக்கரை வீடு
நவம்பர் 11, இரவு 10.10

நான்கு நாள் அளந்தேன். கடைக்குள், கணினி மேசைக்குப் பக்கத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தவை.

காலை 6 மணி: சிக்னல் -88, வேகம் 22 மெகாபிட்.
பிற்பகல் 2 மணி: -89, 9 மெகாபிட்.
இரவு 8 மணி: -88, 0.6 மெகாபிட்.

மற்ற நாட்களிலும் ஏறத்தாழ இதுவேதான். நெட்டைப்பனை ஐயா சொன்னபடி சிக்னல் அசையவே இல்லை. கோபுரத்தையும் போய்ப் பார்த்தேன். வட்டத் தட்டு இருக்கிறது.

அந்தப் பெரியவரை இடையில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வரச் சொன்னேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். முதல் முயற்சியிலேயே முடிந்துவிட்டது. “அப்ப விரல் நல்லாத்தான் இருக்கு” என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

முன்னாள் குரல் அக்கா சொன்னபடியே 198-இல் பேசினேன். பதிந்தவர் பொறுமையாகத் திரும்பப் படித்துக் காட்டினார். புகார் எண் வந்திருக்கிறது.

---

ஓடைக்கரை வீடு
நவம்பர் 13, காலை 11.25

மறுபடியும் ‘தீர்க்கப்பட்டது’. நேற்று இரவு 8 மணிக்கு 0.7 மெகாபிட். யாரும் வரவில்லை, அழைக்கவும் இல்லை. எல்லாவற்றையும் முறையாகச் செய்த பிறகும் இப்படி என்றால் மனது விட்டுப்போகிறது.

---

நீதிமன்றத் திண்ணை
நவம்பர் 13, மாலை 4.48

விட்டுவிடாதீர்கள். இப்போதுதான் உங்கள் வழக்குக்கு உருவம் வந்திருக்கிறது. நுகர்வோர் அமைப்பு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போகிறார்கள். இதற்கு அடுத்த படி ஒன்று இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

டிராய் 2012-இல் கொண்டுவந்த குறைதீர் விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். முதல் அடுக்கு, நீங்கள் பேசிய புகார் மையம். இரண்டாவது, மேல்முறையீட்டு அதிகாரி. புகார் மையத்தின் பதிலில் நிறைவில்லை என்றால் 30 நாட்களுக்குள் அவரிடம் முறையிடலாம். ஒரு பைசா கட்டணம் கிடையாது. அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முறையீட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்ல இரண்டு பேர் கொண்ட ஆலோசனைக் குழு உண்டு. அதில் ஒருவர் டிராயில் பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர். ஆகவே உங்கள் தாளை நிறுவனத்துக்கு வெளியே இருப்பவரும் படிக்கிறார்.

அதிகாரியின் தொலைபேசி, மின்னஞ்சல், முகவரி எல்லாம் நிறுவனத்தின் இணையதளத்தில் ‘நுகர்வோர் சாசனம்’ என்ற பகுதியில் இருக்கும். முகப்புப் பக்கத்தில் கண்ணில் படாது, அடியில் தேட வேண்டும்.

முறையீட்டை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பழைய பதினொரு அழைப்புகளின் வேதனையை அதில் கொட்டாதீர்கள். புகார் எண், அது மூடப்பட்ட தேதி, மூடிய பிறகும் அதே வேகம் என்பதற்குத் தேதியிட்ட அளவீடு, என்ன வேண்டும் என்ற கோரிக்கை. இவ்வளவு போதும். ‘இந்தச் செக்டரின் மாலை நேரப் பயன்பாட்டை ஆய்வு செய்து, எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தர வேண்டும்’ என்று கேளுங்கள். ‘வேகத்தைக் கூட்டுங்கள்’ என்று மட்டும் கேட்டால் ‘கூட்டிவிட்டோம்’ என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

இன்னொன்றும் சேருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத் தர விதிகளின்படி, எந்தப் பகுதியில் எந்தச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் ஊர் அதில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள்.

டிராய்க்கு நேராக எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். தனிநபர் புகாரை டிராய் எடுத்து விசாரிப்பதில்லை. இரண்டு அடுக்கும் முடிந்த பிறகு தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் பிரிவுக்கு, மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளம் வழியாக எழுதலாம்.

---

மலைச்சாரல்
நவம்பர் 13, மாலை 6.30

நுகர்வோர் நீதிமன்றத்துக்கே நேராகப் போனால் என்ன? தொலைபேசி வழக்குகளை அங்கே எடுக்க மாட்டார்கள் என்று எங்கள் ஊர் வக்கீல் சொன்னார்.

---

நீதிமன்றத் திண்ணை
நவம்பர் 13, இரவு 8.12

வக்கீல் சொன்னது பழைய நிலை. 2009-இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்புக் கொடுத்தது உண்மை. தொலைபேசிக்கும் பொருந்திய அன்றைய தந்திச் சட்டத்தில் நடுவர் ஏற்பாடு இருக்கிறது, அதனால் நுகர்வோர் மன்றம் வேண்டாம் என்ற வாதம் அதில் ஏற்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. கைப்பேசி வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குத் தாராளமாகப் போகலாம். 2019 நுகர்வோர் சட்டத்தில் ‘சேவை’ என்பதன் விளக்கத்திலேயே தொலைத்தொடர்பு என்ற சொல் இருக்கிறது. நீங்கள் கொடுத்த பணத்தின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

இருந்தாலும் ஓடைக்கரைக்கு என் ஆலோசனை, மேல்முறையீட்டை முதலில் முடியுங்கள். ஆணையத்தில் இழப்பீடு கிடைக்கலாம், ஆனால் காலம் எடுக்கும். உங்களுக்குத் தேவை மாலையில் ஓடும் இணையம். பிறகு ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும் இந்தத் தாள்கள்தான் கைகொடுக்கும்.

மலைச்சாரல் சொன்ன எண் மாற்றமும் தவறான வழி அல்ல. இரண்டு கோபுரம் எட்டும் ஊரில் நானும் அதைத்தான் சொல்வேன். மாறும் முன் புது நிறுவனத்தின் மலிவான சிம் ஒன்றை வாங்கி, உங்கள் வீட்டில், உங்கள் மாலை நேரத்தில், ஒரு வாரம் பார்த்துவிட்டு மாறுங்கள். ஒரு முறை மாறினால் 90 நாட்களுக்கு வேறெங்கும் நகர முடியாது.

---

நெட்டைப்பனை
நவம்பர் 14, காலை 6.05

முறையீட்டில் செல் அடையாள எண்ணையும் எழுதுங்கள். நெட்வொர்க் விவரம் காட்டும் இலவசச் செயலிகள் பல இருக்கின்றன, அவற்றில் ‘செல் ஐடி’ என்று தெரியும். ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் பொறியாளர் பக்கத்து ஊர்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று எழுத இடமுண்டு. அந்த எண் இருந்தால் எந்தக் கோபுரம், எந்தத் திசை என்பது வரை அவர் மேசையிலேயே தெரிந்துவிடும். இரவு 8 மணி நெரிசல் வரைபடத்தை அவர் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

5ஜி கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பெரும்பாலும் 5ஜி ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் துளைத்து வருவதில் பலவீனமானது. வீட்டுக்குள் மெல்லிய 5ஜி-யைப் பிடித்துக்கொண்டு கைப்பேசி தடுமாறும். அப்படி இருந்தால் 4ஜி-க்கு மாற்றிவைத்து அளந்து பாருங்கள். சிலருக்கு அதுவே போதும்.

---

வகுப்பறை வாசல்
நவம்பர் 14, இரவு 9.30

ஓடைக்கரையின் ஊருக்கு அருகில்தான் ஆசிரியையாக இருக்கிறேன், ஓடைக்கு அந்தப் பக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காணொளிப் பாடம் அனுப்பினால் இரவில் யாருக்கும் திறப்பதில்லை. காலையில் எழுந்து பார்த்துவிட்டு வருவதாகச் சொல்கிறார்கள். காலையில் அவர்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலை இருக்கிறது, மாட்டுக்குத் தீனி வைக்கும் வேலை இருக்கிறது. நானும் என் வீட்டில் அளந்து தருகிறேன் தம்பி. பெற்றோர் ஆறு பேரையும் பேசச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் தனித்தனிப் புகார் எண் வாங்கட்டும்.

---

முன்னாள் குரல்
நவம்பர் 14, இரவு 10.02

அதுதான் சரி, டீச்சர். ஒரே ஆள் பதினொரு முறை பேசினால் திரையில் அது ஒரு வாடிக்கையாளரின் தொல்லையாகத்தான் தெரியும். பதினொரு பேர் ஆளுக்கு ஒரு முறை பேசினால் அது ஓர் ஊரின் பிரச்சினை.

---

ஓடைக்கரை வீடு
நவம்பர் 15, இரவு 11.05

முறையீட்டை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். ஒரே பக்கம். கூடவே நான்கு நாள் அளவீடு, மூடிய பிறகு எடுத்த அளவீடு, செல் எண், எங்கள் ஊரை நல்ல 4ஜி என்று காட்டும் வரைபடத்தின் அச்சு, ஒன்பது பேரின் புகார் எண்கள். ரேஷன் கடை அண்ணனைப் போல் எங்கள் ஊர் விற்பனையாளரும் தன் கருவியின் ரசீது நேரங்களை எழுதிக் கொடுத்தார். அனுப்பும்போது மணி எட்டு, கோப்பு போகவில்லை. பதினொரு மணிக்குத்தான் போனது.

---

ஓடைக்கரை வீடு
டிசம்பர் 23, இரவு 9.15

39 நாள் முடியும் தறுவாயில் நேற்று எழுத்தில் பதில் வந்தது. ‘குறிப்பிட்ட செக்டரில் மாலை நேரப் பயன்பாடு அதிகமாக இருப்பது கண்டறியப்பட்டது, கூடுதல் அலைக்கற்றை சேர்க்கப்பட்டுள்ளது’ என்று இரண்டு வரி. கோளாறு தங்கள் பக்கம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தது இதுவே முதல் முறை.

அதற்கு முன் டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு பொறியாளர் வந்தார். இளைஞர், பைக்கில் வந்தார். கடை வாசலில் நின்று தன் கைப்பேசியில் அளந்தார், என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “இப்படி நேரம் போட்டு எழுதிக் கொடுத்தால் எங்களுக்கு மேலிடத்தில் கேட்டு வாங்க வசதி” என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

இன்று இரவு 8 மணி: சிக்னல் -87, வேகம் 7.4 மெகாபிட். காலை வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இரவு எட்டரை மணிக்கு ஒரு அம்மாவுக்கு வருமானச் சான்று விண்ணப்பத்தைப் பதிவேற்றி, ஒப்புகைச் சீட்டு கையில் கொடுத்து அனுப்பினேன்.

---

நெட்டைப்பனை
டிசம்பர் 24, காலை 5.58

நல்ல செய்தி. அளப்பதை நிறுத்தாதீர்கள். வேகம் கூடியது தெரிந்ததும் பயன்பாடும் கூடும். வட்டத் தட்டு அப்படியே இருப்பதால் அடுத்த நெருக்கடி அங்கே வரக்கூடும். மாதம் ஒரு முறையாவது இரவு எட்டு மணிக்குக் குறித்து வையுங்கள்.

---

வகுப்பறை வாசல்
டிசம்பர் 24, இரவு 8.40

எங்கள் பக்கம் மாற்றமில்லை தம்பி. இப்போதுதான் அளந்தேன், 0.5. செல் எண்ணைப் பார்த்தால் கடைசி இலக்கங்கள் உங்களுடையதிலிருந்து வேறாக இருக்கின்றன.

---

ஓடைக்கரை வீடு
டிசம்பர் 24, இரவு 9.03

அப்படியானால் நீங்கள் அடுத்த செக்டர், டீச்சர். என் முறையீடு உங்களுக்குச் செல்லாது, தனியாகப் போட வேண்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்தப் பெற்றோர் ஆறு பேரையும் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிடுகிறேன். எட்டு மணி வரை இருந்து அளந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராக 198-க்குப் பேசுவோம். புகார் எண்கள் வந்ததும் இங்கே பதிகிறேன்.